கூம்பு எவர்சில்வருக்காகக் காத்திருந்த கதை

ஒரு நல்ல ஐடியா பிறந்து அது ஊரெல்லாம் பரவ எவ்வளவு நாள் ஆகும்? பொட்டி தட்டுற நமக்கெல்லாம் ரெண்டு வருஷமே ரொம்ப ஜாஸ்தி. ஆனா பீர் தயாரிக்கிற தொழிலில் ஒரு ஐடியா கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஓரமாக உட்கார்ந்திருந்தது. அது ஒண்ணும் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பாத்திரத்தோட அடிப்பாகம் தட்டையா இருக்கணுமா, புனல் மாதிரி இருக்கணுமா என்பதுதான் மேட்டர்.

முதல்ல அடிப்படை. முளைகட்டிய பார்லியில் இருந்து எடுத்த இனிப்புச் சாறில் ஈஸ்ட் போட்டால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தரும். இட்லி மாவு பொங்குதே, அதே கார்பன் டை ஆக்சைடுதான். பார்லிக்குப் பதில் தேனும் தண்ணீரும் என்றால் கிடைப்பது மீட், அதாவது தேன் மது. எதுவானாலும், வேலை முடிந்ததும் ஈஸ்ட் அடியில் மண்டியாகத் தங்கும். அந்த மண்டியை என்ன செய்வது என்பதுதான் இந்தக் கதை முழுக்க வரும் கேள்வி.

19ஆம் நூற்றாண்டில் பீர் பெரும்பாலும் திறந்த மரத்தொட்டிகளில்தான் நொதித்தது. காற்றில் வரும் கண்ட கிருமியும் அதில் விழும். லூயி பாஸ்டர் 1876இல் பீர் பற்றி ஒரு புத்தகமே எழுதி, பீர் கெட்டுப் போவதற்குக் காரணம் வேண்டாத நுண்ணுயிர்கள் என்று காட்டினார். 1883இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹேன்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லில் இருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். கார்ல் வான் லிண்டே 1870களிலேயே குளிரூட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டார். சுத்தமான ஈஸ்ட் வந்தாச்சு, குளிர் வந்தாச்சு. பாத்திரம் மட்டும் பழசு!

இங்கேதான் நம்ம ஹீரோ வருகிறார். பெயர் லியோபோல்ட் நாதன். பெயரைப் பார்த்து மயிலாடுதுறைக்காரர்னு நினைச்சுடாதீங்க :-) ஆள் சுவிட்சர்லாந்து. உயரமான மூடிய உருளை, அதன் அடியில் கூம்பு என்ற வடிவத்துக்கு 1908இல் காப்புரிமை வாங்கினார்.

இந்த வடிவத்தில் என்ன விசேஷம்? உயரமான கலனில் வாயுக் குமிழிகள் மேலே ஏறும்போது திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பக்கச் சுவரைக் குளிர வைத்தால் அங்கே திரவம் கீழே இறங்கும். மோட்டார் இல்லாமலே எல்லாம் சுழலும், நொதித்தலும் சீக்கிரம் முடியும். கூம்பின் சரிவு செங்குத்தாக இருப்பதால் (பொதுவாக 60 முதல் 75 டிகிரி) ஈஸ்ட் வழுக்கி நுனிக்கு வந்துவிடும். அடி வால்வைத் திறந்தால் மண்டி வெளியே. அதையே அடுத்த சுற்றுக்கும் பயன்படுத்தலாம். நொதிக்க ஒரு தொட்டி, பதப்படுத்த இன்னொரு தொட்டி என்ற தொல்லையும் இல்லை.

இவ்வளவு நல்ல ஐடியா ஏன் உடனே பரவவில்லை? முக்கியமான காரணம் உலோகம். பீருக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு, சாதா இரும்பு அதற்கு ஆகாது. எவர்சில்வர் அப்போது கிடையாது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருக்கியதே 1913இல்தான். அது பெரிய தொட்டி கட்டும் அளவுக்கு மலிவாக இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. அடுத்த சிக்கல் சுத்தம். மூடிய உயரமான கலனுக்குள் ஆளை இறக்கித் தேய்க்க முடியுமா? உள்ளேயே ரசாயனத்தைப் பீய்ச்சிக் கழுவும் முறை பால் தொழிலில் வளர்ந்து அங்கிருந்து இங்கே வந்தது. 1960களுக்குப் பிறகுதான் நாதனின் கூம்பு உலகம் முழுக்கப் பெரிய ஆலைகளில் எழுந்தது. 

கூம்பு ஆலையை விட்டு வீட்டுக்கு வர சட்டமும் மாற வேண்டியிருந்தது. பிரிட்டனில் 1963இல் வீட்டில் பீர் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனது. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியும் வீட்டு பீருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மத்திய அரசு வரி இல்லாமல் வீட்டில் தயாரிக்க வழி பிறந்தது. அப்புறமும் மிசிசிப்பி, அலபாமா இரண்டும் 2013 வரை முரண்டு பிடித்தன.

அதுவரை வீட்டுக்காரர்களின் ஆயுதம் 19 லிட்டர் கண்ணாடி ஜாடியும் ஒரு ரப்பர் குழாயும்தான். ஜாடிக்கு ஜாடி மாற்றும்போதெல்லாம் காற்று பட்டு ருசி கெடும் அபாயம். பிறகு கூம்பும் சுருங்கி வீட்டு சைஸில் வந்தது.

இப்போ என் கருத்து. நாதன் யோசித்தது ஆயிரக்கணக்கான லிட்டருக்கு. இருபது லிட்டரில் அந்தச் சுழற்சி பெரிய விஷயமே இல்லை, தட்டை அடி வாளியிலும் அருமையான பீர் வரும். வீட்டில் கூம்பு நிஜமாகவே உதவுவது மீட் போன்ற பொறுமைசாலிகளுக்கு. தேனில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் சத்து குறைவு, அதனால் மெதுவாக நொதிக்கும், தெளியவும் மாதக்கணக்கில் ஆகலாம். அவ்வளவு நாள் செத்த ஈஸ்ட் மேலேயே உட்கார்ந்திருந்தால் வாடை வரும் என்ற பயம் உண்டு. கலனை மாற்றாமலே மண்டியை மட்டும் இறக்கிவிடலாம் என்பது இங்கே வரம். ஒரு எச்சரிக்கை: அடி வால்வை மெதுவாகத் திறக்கணும். சடாரென்று திறந்தால் மேலே மூடியில் இருக்கும் காற்றடைப்புத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும்.

ஆக, காசு கையில் இருந்து, ஈஸ்ட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறவர் என்றால் கூம்பு வாங்கலாம். சும்மா பளபளப்புக்கு என்றால் அந்தக் காசில் நல்ல தேன் வாங்குவது புத்திசாலித்தனம்.

டிஸ்கி: தமிழ்நாட்டில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். நம்மூர் மக்கள் இதை வரலாறாக மட்டும் படிக்கவும்!