எகிப்தியச் சிற்பங்களில் சாகாவரம்

பண்டைய எகிப்தியக் கோயில்களின் புடைப்புச் சிற்பங்களில் அடிக்கடி தென்படும் சின்னம் 'அங்க்'. சிலுவையின் தலையில் ஒரு வளையம் வைத்தது போல இருக்கும். பொருள் 'உயிர்'. தெய்வங்கள் இதை மன்னனின் மூக்கருகே நீட்டுவார்கள். உயிர் என்பது மூச்சு; அது மூக்கு வழியாகத்தானே நுழைய வேண்டும்!

இன்னொன்று 'ஷென்' என்ற கயிற்று வளையம். தொடக்கமும் முடிவும் இல்லாததால் நித்தியத்தைக் குறித்தது. அதையே நீட்டி, உள்ளே மன்னனின் பெயரைப் பொறித்தார்கள். பெயர் இருக்கும்வரை அவனும் இருப்பான் என்பது நம்பிக்கை.

கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அக்கெனாதென், பழைய தெய்வங்களை ஒதுக்கி ஏதென் என்ற சூரியக் கடவுளை உயர்த்தினான். பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சிற்பத்தில் சூரியக் கதிர்கள் கைகளாக முடிந்து, அவனுக்கும் அரசி நெஃபர்டிட்டிக்கும் அங்க் சின்னத்தை நீட்டுகின்றன.

பின்வந்தவர்கள் அவன் பெயரைச் செதுக்கி அழித்தார்கள். எகிப்தியர் நம்பிக்கைப்படி இது இறந்தவனை மறுபடி கொல்வது. கர்னாக்கில் அவன் கட்டிய கோயில்களும் இடிபட்டன. அந்தக் கற்களை ஹோரெம்ஹெப் மன்னன் தன் கோபுர வாயில்களுக்குள் நிரப்பினான். வெயில் படாமல் ஆயிரக்கணக்கான கற்கள் அங்கே தப்பின. 20-ஆம் நூற்றாண்டில் வெளியே எடுத்தபோது பலவற்றில் வண்ணம்கூட மிச்சமிருந்தது. அழிக்க நினைத்தவர்களே பாதுகாத்தும் கொடுத்துவிட்டார்கள்!