மடக்கெழுத்தாணிக்குள் இருந்த கத்தி

ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட திருமலைக்குப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது சுமார் 16 அடி உயரச் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதரை. வரலாறு படித்தவர்களானால் அடுத்து, பாறையில் வெட்டியிருக்கும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியைத் தேடுவார்கள். 1025 வாக்கில் வெட்டிய அந்தக் கல்வெட்டு, கங்கை வரை போன படையெடுப்பை நாடு நாடாக அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரு வீட்டுச் செய்தி போல முடிகிறது: நன்னப்பயன் என்ற வணிகனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் நந்தாவிளக்கெரிக்க 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் கொடுத்தாள். இதே மெய்க்கீர்த்தி வேறு பல ஊர்களிலும் அதிகம் சொல் மாறாமல் கிடைக்கிறது. இவ்வளவு நீண்ட வாசகம் ஊர் ஊராக வெறும் மனப்பாடத்தில் போயிருக்க முடியாது. உளி எடுக்குமுன் கல்தச்சனுக்கு முன்னால் ஓர் ஓலை இருந்திருக்க வேண்டும். சோழர் அரசில் 'திருமந்திர ஓலை' என்பது ஒரு பதவியின் பெயரே. ஓலை இருந்தால் அதை வாரவும் நறுக்கவும் கத்தி இருந்தாக வேண்டும். உளி விட்டுப்போன தடத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். கத்தி அந்த அளவுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும் கத்தி வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்தது என்பதுதான் பொதுவான நினைப்பு. 'பேனாக்கத்தி' என்ற பெயரும் அதற்கு ஒத்து ஊதுகிறது. இறகுப் பேனாவைச் சீவ ஐரோப்பிய எழுத்தர்கள் வைத்திருந்த சிறு கத்தியின் பெயரை அப்படியே தமிழில் சொன்னதுதான் அது. ஆனால் அந்தப் பெயர் இங்கே வந்து சேர்ந்தபோது, அதுபோன்ற வேலைக்கான மடக்குக் கத்தி தமிழ் எழுத்தர் கையில் வேறு பெயரில் இருந்தது. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தம் இளமைக் காலத்து எழுத்தாணிகளை வகை பிரித்துச் சொல்கிறார். தலையில் கொண்டை உடையது குண்டெழுத்தாணி. கொண்டைக்குப் பதில் கத்தி உடையது வாரெழுத்தாணி. ஓலையை வாருவதற்கான கத்தி என்பதால் அந்தப் பெயர். பிடிக்குள் மடக்கி வைப்பது மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் கத்தியும் மறுபக்கம் எழுத்தாணியுமாக இரண்டையும் மடக்கிக்கொள்ளும்படி செய்ததும் உண்டு. 1855இல் பிறந்தவர் அவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்தாணி பிடித்து வளர்ந்தவரின் சாட்சியம் இது.

ஏன் மடக்க வேண்டும் என்பதற்கான விடை அந்த வேலையிலேயே இருக்கிறது. பனையோலையின் நடுவே ஓடும் ஈர்க்கை நீக்கி, இரு விளிம்பையும் ஒரே அகலத்துக்கு வார வேண்டும். கத்தி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் விளிம்பு நார் நாராகப் பிரிந்து நிற்கும். அந்த ஏடு கட்டில் சீராக உட்காராது. சுவடியைக் கோக்கும் கயிற்றின் நுனியில், அது துளை வழியே உருவி வராமலிருக்க, ஓலைத் துண்டொன்றைக் கிளிமூக்குப் போல வெட்டிக் கட்டுவார்கள். இதெல்லாம் நுனிவிரல் வேலை. வலு தேவையில்லை, கூர்மைதான் தேவை. அரிவாளுக்கு அங்கே இடமில்லை. மறுமுனையில் இருக்கும் எழுத்தாணிக்கோ வேறு கவலை. அதன் முனை வளைந்தாலோ மழுங்கினாலோ கீறல் தடித்து ஓலை கிழியும். ஆக ஒரே கருவிக்கு இரண்டு முனை, இரண்டும் காயம் செய்யக்கூடியவை, இரண்டும் காயம் படக்கூடாதவை. சாதாரணக் கத்திக்கு ஓர் உறை போதும். இருபுறமும் கூரான பொருளை இடுப்பில் செருகிக்கொண்டு திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாருங்கள். பிடியையே உறையாக்கி இரண்டையும் அதற்குள் படுக்க வைத்தது, சண்டைக்காரனுக்குத் தோன்றிய யோசனையாகத் தெரியவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத் தோன்றியது.

உ.வே.சா. சொல்வது பத்தொன்பதாம் நூற்றாண்டு, அதற்குள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகள் சந்தைக்கு வந்துவிட்டன, அதைப் பார்த்து நம் கொல்லர்கள் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாமுண்டப்பை காலத்து எழுத்தர் இடுப்பில் மடக்கெழுத்தாணி இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஷெஃபீல்டின் தனித்திறமை கத்தியின் முதுகில் வைக்கும் வில்லில்தான். மடக்குவதற்கு அந்த வில் தேவையே இல்லை. ஓர் ஆணி, அது தரும் இறுக்கம், இவை போதும். ரோமானியர்களின் மடக்குக் கத்திகள் அப்படித்தான் இருந்தன. பிரான்சில் 1890இல் தொடங்கி இன்றும் விற்கும் ஒப்பினெல் கத்திக்குக்கூடப் பூட்டு வளையம் வந்தது 1955இல்தான். இரண்டு இரும்பை ஓர் ஆணியில் கோத்துத் திறந்து மூடச் செய்வது, பாக்குவெட்டி அடிக்கத் தெரிந்த கொல்லனுக்குக் கடல் கடந்து வரவேண்டிய பாடமல்ல. அதோடு, பார்த்துச் செய்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், எந்தச் சீமைக் கத்தியைப் பார்த்து ஓலையில் எழுதும் ஆணியைச் சேர்த்திருப்பார்கள்? ஐரோப்பாவிலும் இங்கேயும் சிறு மடக்குக் கத்தி எழுத்தரை ஒட்டியே வளர்ந்திருக்கிறது. அங்கே இறகுக்காக, இங்கே ஓலைக்காக.

திருமலையைச் சுற்றிய வட்டாரத்தில் இந்தக் கத்திக்கு வேலை அதிகம் இருந்திருக்கும். ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். உணவு, மருந்து, அடைக்கலம் தருவதோடு சாத்திர தானமும் சமணர்களுக்கு நால்வகைக் கொடையில் ஒன்று. அச்சு வருமுன் அதற்குப் பொருள், ஒரு நூலைப் படியெடுத்துக் கொடுப்பது. செல்லரிப்பதால் ஏடுகளைத் தலைமுறைக்குத் தலைமுறை புதிதாக எழுதியாக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கட்டுக் கட்டாக ஓலை வார வேண்டும். பட்டுக்குப் பெயர்போன ஆரணியில் மடக்குக் கத்தி நெசவாளியின் கருவி அல்லவா என்று தோன்றலாம். அது பொருந்தவில்லை. தறியடியை விட்டு நகராதவருக்குக் கருவியை மடித்து எடுத்துப்போக அவசியமில்லை. பிசிறு பட்டிழையை நறுக்கக் கத்தரிதான் தோது. எழுத்தர் அப்படியல்ல. சுவடி எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்து எழுத வேண்டியவர்.

அந்தச் சமணர்கள் போற்றிய 'சீவக சிந்தாமணி'யை உ.வே.சா. 1887இல் அச்சில் கொண்டுவந்தார். அதன் பிறகு அதை ஏட்டில் படியெடுக்க யாருக்கும் காரணம் இல்லை. ஓலை போனதும் எழுத்தாணி போயிற்று. கத்திக்கு வேலை இருந்தும், பெயர் எழுத்தாணியின் பெயராக இருந்ததால் அதுவும் கூடவே எழுத்தாணியின் கணக்கில் விழுந்தது. மடக்கெழுத்தாணியை எழுதுகருவிகளோடு வைக்கிறோம், கத்திகளோடு வைப்பதில்லை. எழுத்தாணிப் பக்கம் முறிந்து, வாரும் கத்தி மட்டும் மிஞ்சிய ஒரு மாட்டுக்கொம்புப் பிடி பழைய பெட்டியில் கிடைத்தால், எடுத்தவர் விரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லும் சொல் 'பேனாக்கத்தி' என்பதாகத்தான் இருக்கும்.