திருச்சியில் நிலைதடுமாறிய டகோட்டா

குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். கடலில் நேராகச் செல்லும் படகு, இறங்குதுறையை அண்மித்து வேகத்தைக் குறைத்ததும் பக்கக் காற்றுக்கு இழுபடத் தொடங்கும். வேகம் குறைந்தால் சுக்கானின் பிடியும் குறைந்துவிடும். தரையிறங்கும் விமானத்துக்கும் விதி இதுவேதான்.

ஊர்காவற்றுறையிலிருந்து பாய்க்கப்பல்களில் தமிழகத் துறைமுகங்களுக்குச் சென்ற தீவக வணிகர்களின் தலைமுறையொன்று, தன் காலத்திலேயே வான்வழி திறக்கக் கண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் பலாலியில் அமைத்த ஓடுபாதையே பின்னர் காங்கேசன்துறை விமான நிலையமாயிற்று. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அதன் பெயர் 'சீதாதேவி'. மக்கள் டகோட்டா என அழைத்த டக்ளஸ் டி.சி.3 வகை விமானம் அது.

டகோட்டாவின் பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னே இருக்கும். சிறு சக்கரம் வாலில் இருக்கும். விமானத்தின் பாரமையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் அமைவதால், ஓடுபாதையில் மூக்குச் சற்றே திரும்பினாலும் வாற்பகுதி அதனை முந்திவரப் பார்க்கும். விமானி உடனடியாகத் திருத்தாவிட்டால் விமானம் வட்டமடித்துவிடும். சக்கரமொன்று சரியாகப் பூட்டப்படாதிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்பக்கம் சரிந்து இறக்கை தரையில் உராயும். அதன்பின் எந்த விமானியாலும் நேர்செய்ய முடியாது.

1949 டிசெம்பர் 21 ஆம் திகதி காங்கேசன்துறையிலிருந்து திருச்சிக்குச் சென்ற எயார் சிலோனின் 'சுனேத்ராதேவி' தரையிறங்கும்போது கட்டுப்பாட்டை இழந்து, திருத்த முடியாதபடி சேதமடைந்தது. நல்வேளையாக அதில் இருந்த அனைவரும் உயிர் தப்பினர். விசாரணை முடிவு காற்றைக் குற்றஞ்சாட்டவில்லை. சக்கரங்கள் எந்நிலையில் உள்ளன என்பதை விமானி உறுதிசெய்துகொள்ளாமையே காரணம் என்றது. விமானியும் துணை விமானியும் அவ்வழித்தடத்தில் அப்பொறுப்புகளில் பறப்பதற்குரிய தகுதிச் சான்று பெற்றிருக்கவில்லை. வானொலி அதிகாரியிடம் செல்லுபடியாகும் உரிமமும் இருக்கவில்லை.

ஆக, ஓடுபாதையில் கணப்பொழுதில் நிகழ்ந்த தடுமாற்றத்தின் வேர் காங்கேசன்துறையில் விமானம் புறப்படுமுன்னரே இருந்தது. உரிய சான்று இல்லாதவர்களை நம்பிப் பயணிகள் ஏறி அமர்ந்தபோதே ஆபத்தும் உடன் ஏறிக்கொண்டது. அவர்கள் உயிர் தப்பியதனாலோ என்னவோ, இவ்விபத்து நம் நினைவிலிருந்து மறைந்துபோயிற்று.

போரும் நெடிய இடைவெளியும் கடந்து, 2025 மார்ச் 30 ஆம் திகதி திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே விமானம் மீண்டும் பறந்தது. இப்போதைய ஏ.டி.ஆர். விமானங்களுக்கு மூக்கின் கீழ்ச் சக்கரம் உண்டு; பாரமையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் அவை தாமாகவே நேராக ஓட முனைகின்றன. பொறியியல் அப்பழைய குறையைப் பெரிதும் நீக்கிவிட்டது. ஆனால் சக்கரம் பூட்டியதா என்று பார்ப்பதும், ஓட்டுபவரின் சான்றைச் சரிபார்ப்பதும் இன்றும் மனிதரின் கடமையே. தரை தொட்டவுடன் பயணம் முடிந்துவிடுவதில்லை. படகைக் கயிறு கட்டி நிறுத்தும்வரை படகோட்டி சுக்கானை விடுவதில்லை அல்லவா?