கடலடியில் ஒரு மயானம்

புளியந்தீவாருக்கு வாவியிலே பழக்கம் அதிகம். கல்லடிக்கு அப்பால், கடலடியிற் கிடக்கும் சரித்திரத்தையோ நம்மிற் பலர் அறியோம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, திருக்கோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸை யப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. அன்று அதில் விமானம் ஒன்றுதானும் இருக்கவில்லை என்பதே விந்தை! 307 பேர் மாண்டனர். ஏறக்குறைய 600 பேரை வீற்றா என்னும் வைத்தியசாலைக் கப்பல் மீட்டது.

இன்று சுழியோடிகள், 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கும் அக்கப்பலைக் காணச் செல்கின்றனர். அங்கே சில நிமிடங்களே தங்கலாம். மேலேறும்போதோ இடையிடையே தரித்தே வரவேண்டும். அந்நிமிடங்களிற் பித்தளைத் துண்டொன்றைக் கழற்றிவர எவருக்கேனும் ஆசை எழலாம். நமது மயானத்தில் அந்நியர் கைவைக்கப் பொறுப்போமா? மாண்டோரிற் பலருக்கு அக்கடலன்றி வேறு கல்லறை இல்லை.