சேப்பாக்கத்துல விழுந்த செருப்பு

இன்னைக்கு எபிசோடு ஒரு கிரிக்கெட் மேட்ச் பத்தினது. ஆனா கதையைச் சேப்பாக்கத்துல தொடங்க முடியாது. அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தள்ளி, பூம்புகார்ல தொடங்கணும்.

பூம்புகார்னு சொன்னதும் நமக்குச் சிலப்பதிகாரம் ஞாபகம் வரும். ஸ்கூல் டூர்ல பார்த்த கலைக்கூடம் ஞாபகம் வரும். அந்தப் பக்கத்து விவசாயிக்கு அடையாளம் வேற. காவிரி கடலைத் தொடுற இடம் அது. கடலுக்குக் கொஞ்சம் முன்னாடி, மேலையூர்ல, காவிரியோட கடைசிக் கதவணை இருக்கு. மேட்டூர்ல திறந்துவிடுற தண்ணி கல்லணை தாண்டி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிஞ்சு, வழியில இருக்கிற வாய்க்காலுக்கெல்லாம் கொடுத்தது போக மிச்சம்தான் இங்க வரும். வந்துட்டா பூவும் நெல்லும் தூவி வரவேற்பாங்க. ஆத்துக்கு வரவேற்பு கொடுக்கிறாங்கன்னா, அது வராமப் போன வருஷங்கள் எத்தனைன்னு யோசிச்சுக்கோங்க. இந்தப் பகுதிக்குப் பேரே கடைமடை.

மேட்டூர் வழக்கமா ஜூன் 12 அன்னைக்குத் திறக்கணும். அப்பதான் குறுவை சாகுபடி. 2012-ல இருந்து 2017 வரைக்கும் ஆறு வருஷம் தொடர்ந்து அந்தத் தேதியில திறக்கல. 2017-ல திறந்தது அக்டோபர் 2. குறுவைங்கிறது போர்செட் வெச்சிருக்கிறவங்க மட்டும் பண்ற விஷயமா ஆயிடுச்சு. கடலோரத்துல அதுவும் கஷ்டம், போர் போட்டா பல இடத்துல உப்புத் தண்ணிதான் வரும்.

இந்த உப்புத் தண்ணியை மனசுல வெச்சுக்கோங்க. ஏன்னா 2018 பிப்ரவரி 16 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் காவிரி வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு. நடுவர் மன்றம் 2007-ல கொடுத்த இறுதித் தீர்ப்புப்படி கர்நாடகா பிலிகுண்டுலுல விட வேண்டியது வருஷத்துக்கு 192 டிஎம்சி. அது இப்போ 177.25 ஆச்சு. குறைஞ்சது 14.75 டிஎம்சி. அதுல 4.75 பெங்களூரு குடிநீர்க் கணக்கு. மீதி 10 டிஎம்சிக்குச் சொன்ன காரணம், தமிழ்நாட்டு டெல்டாவுல நிலத்தடி நீர் இருக்குங்கிறது. மொத்த டெல்டாவுக்கும் போட்ட கணக்கு அது. கடைமடைக்காரனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்!

ஆனா அதே தீர்ப்புல ஒரு நல்லதும் இருந்துச்சு. தண்ணியைப் பங்கிடுறதுக்கு ஆறு வாரத்துக்குள்ள மத்திய அரசு ஒரு ஏற்பாடு செய்யணும்னு சொன்னாங்க. காவிரி மேலாண்மை வாரியம்னு நம்ம ஊர்ல எல்லாரும் கேட்டது அதைத்தான். மார்ச் 29 கெடு முடிஞ்சது. வாரியம் வரல. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, மத்திய அரசு விளக்கம் கேட்டும் கூடுதல் அவகாசம் கேட்டும் கோர்ட்டுக்குப் போச்சு. சொன்ன காரணங்கள்ல ஒண்ணு கர்நாடகத் தேர்தல். மே 12 அங்க ஓட்டுப்பதிவு.

கோபம் எப்படி இருந்திருக்கும்? ஒரு வருஷம் முன்னாடி, 2017 மார்ச், ஏப்ரல்ல, தமிழ்நாட்டு விவசாயிங்க டெல்லி ஜந்தர் மந்தர்ல 40 நாள் உட்கார்ந்தாங்க. மண்டை ஓட்டோட உட்கார்ந்தாங்க, எலியை வாயில கடிச்சுக் காட்டினாங்க. பெருசா ஒண்ணும் நடக்கல. அதே வருஷம் ஜனவரியில மெரினாவுல ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடினப்போ சில நாள்லயே சட்டம் மாறுச்சு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தவங்களுக்கு ஒண்ணு புரிஞ்சிருக்கும். டிவி கேமரா எங்க இருக்கோ அங்க நிக்கணும். 2018 ஏப்ரல்ல கேமரா எங்க இருந்துச்சு? ஐபிஎல்ல.

இப்போ சேப்பாக்கத்துக்கு வருவோம். சென்னை சூப்பர் கிங்ஸ் அப்போ ரெண்டு வருஷத் தடை முடிஞ்சு திரும்பி வந்திருந்த அணி. 2013 சூதாட்ட விவகாரத்துல லோதா குழு 2015 ஜூலையில போட்ட தடை அது. தப்பு நடந்தது நிர்வாகத்தைச் சுத்தி இருந்த இடத்துல. 2016, 2017 ரெண்டு சீசன் டீம் இல்லாம உட்கார்ந்தது ரசிகன். அப்பவும் அவன் டீமை விடல. தடை முடிஞ்சதும் டிக்கெட்டுக்கு வரிசையில நின்னான். இதுல எனக்கு ஆச்சரியமும் இருக்கு, கொஞ்சம் எரிச்சலும் இருக்கு. சேப்பாக்கம் கேலரிக்கு ஒரு பேரு உண்டு. 1999 ஜனவரியில பாகிஸ்தான் 12 ரன்ல டெஸ்ட் ஜெயிச்சப்போ எழுந்து நின்னு கைதட்டின கூட்டம் அது. அந்த நல்ல பேரை நிர்வாகங்கள் ரொம்ப நாளா வட்டி இல்லாக் கடனா எடுத்துட்டு இருந்தாங்கன்னுதான் நான் சொல்வேன்.

ஏப்ரல் 10, கொல்கத்தாவோட மேட்ச். மூணு வருஷத்துக்கு அப்புறம் சொந்த மண்ணுல முதல் மேட்ச். ஊரே காவிரிக்காகக் கொதிக்கிறப்போ கொண்டாட்டமா, தள்ளி வைங்கன்னு பல பக்கத்துல இருந்து குரல். ஏப்ரல் 8 அன்னைக்கு வள்ளுவர் கோட்டத்துல சினிமாக்காரங்க நடத்துன போராட்டத்தப்போ ரஜினிகாந்த், மேட்ச் நடந்தா வீரர்கள் கறுப்புப் பட்டையாவது கட்டிக்கிட்டு ஆடலாமேன்னு சொன்னார். ஒரு கட்சித் தலைவர் மைதானத்துக்குள்ள பாம்பு வந்தா நாங்க பொறுப்பில்லைங்கிற மாதிரி பேசினார். அதைச் சிரிச்சுட்டுக் கடந்துடலாம். ஆனா கறுப்புப் பட்டை நியாயமான கோரிக்கைதான். செலவு இல்லாதது, ஆட்டத்தையும் கெடுக்காது. அதுவும் நடக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் அண்ணா சாலையை மறிச்சாங்க. பாரதிராஜா, வெற்றிமாறன் மாதிரி இயக்குநர்கள் வந்தாங்க, கட்சிகள் வந்தாங்க. ஆயிரக்கணக்குல போலீஸ். பேனர், கொடி எதுவும் உள்ள கொண்டுபோகக் கூடாது. மஞ்சள் ஜெர்ஸி போட்டு வந்த ரசிகர்கள் சிலருக்கு ரோட்டுல அடி விழுந்துச்சு. போலீஸ்காரங்களுக்கும் விழுந்துச்சு.

உள்ள மேட்ச் நடந்துச்சு. கொல்கத்தா பேட்டிங்ல எட்டாவது ஓவர். பவுண்டரி பக்கம் நின்ன ஜடேஜாவை நோக்கி கேலரியில இருந்து செருப்பு பறந்து வந்துச்சு. அவர் மேல படல. போலீஸ் சிலரைப் பிடிச்சு வெளிய கொண்டுபோனாங்க. ஆட்டம் தொடர்ந்துச்சு. அந்த ஆட்டம் இருக்கே, அது பிரமாதமான ஆட்டம். ரஸ்ஸல் 36 பந்துல 88, பதினோரு சிக்ஸர். கொல்கத்தா 202. சென்னை ஒரு பந்து மிச்சம் வெச்சு 205 அடிச்சு ஜெயிச்சுச்சு. சாம் பில்லிங்ஸ் 23 பந்துல 56. கடைசி சிக்ஸர் அடிச்சது யார்னு நினைக்கிறீங்க? அதே ஜடேஜா.

மறுநாள் செய்தி வந்துச்சு. போதிய பாதுகாப்பு கொடுக்க முடியாதுன்னு போலீஸ் சொல்லிட்டாங்க, மீதி ஆறு ஹோம் மேட்ச்சும் புனேவுக்குப் போகுது.

இந்த இடத்துல பலபேர் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுட்டாங்க. "விளையாட்டுல ஏன்யா அரசியல்?" ஒரு பக்கம். "சோறு இல்லாதப்போ விளையாட்டு ஒரு கேடா?" இன்னொரு பக்கம். எனக்கு ரெண்டு கேள்வியுமே ஏத்துக்க முடியாது. சேப்பாக்கத்துல அரசியல் அன்னைக்குத்தான் நுழைஞ்சதா? 2013-ல இலங்கை வீரர்கள் சென்னையில ஆடக் கூடாதுன்னு மாநில அரசே சொன்னப்போ, டீம் அதுக்கு ஒத்துக்கிட்டு ஆடிச்சு. அதனால கிரிக்கெட் ஊருக்கு வெளிய தனியா மிதக்குதுங்கிற வாதம் நிக்காது. அதே நேரம், மஞ்சள் சட்டை போட்டவன் காவிரிக்கு எதிரின்னு எப்படி முடிவு பண்ணாங்க? மயிலாடுதுறையில இருந்தும் சீர்காழியில இருந்தும் படிக்கவும் வேலைக்கும் சென்னை வந்தவங்க எத்தனை பேர்? மாசம் பிறந்தா ஊருக்குப் பணம் அனுப்புறவன், மாமா நிலம் தரிசாக் கிடக்குதுன்னு தெரிஞ்சவன், அவனும்தான் விசில் அடிச்சான். அந்தக் கூட்டத்தைப் போராட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கணும். அதை விட்டுட்டு அடிச்சாங்க.

நிர்வாகம் பண்ணதும் இதே கணக்குதான், வேற மாதிரி. சென்னைன்னு பேரு, தமிழ்ல பாட்டு, விசில் போடுன்னு கோஷம். ஊரோட அடையாளம் முழுக்க வியாபாரத்துக்கு வேணும். ஊருக்குக் கஷ்டம்னு வந்தப்போ கையில ஒரு கறுப்புத் துணி கட்டல.

வெளிநாட்டுல இதுமாதிரி ஒரு டீம் இடம் மாறினப்போ வேற ஒண்ணு நடந்துச்சு. லண்டன்ல விம்பிள்டன்னு ஒரு கால்பந்து கிளப். 2002-ல அதை மில்டன் கீன்ஸ்ங்கிற ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைச்சதும், ரசிகர்கள் "போங்க"ன்னு சொல்லிட்டு ஏஎஃப்சி விம்பிள்டன்னு சொந்தமா ஒரு கிளப்பே தொடங்கினாங்க. அது நிரந்தரமாப் போன கிளப், நம்மளது ஒரு சீசன் விஷயம், வித்தியாசம் இருக்கு. நம்ம ரசிகன் என்ன பண்ணான்? ரயில் ஏறினான். ஏப்ரல் 19 அன்னைக்கு ஆயிரம் ரசிகர்களோட சென்னை சென்ட்ரல்ல இருந்து புனேவுக்கு ஒரு ஸ்பெஷல் ரயில் கிளம்புச்சு. பேரு "விசில்போடு எக்ஸ்பிரஸ்". ஏற்பாடு, செலவு எல்லாம் டீம் நிர்வாகம். நிர்வாகத்தை இவ்ளோ நேரம் திட்டினேன், இதுக்குப் பாராட்டிடுறேன். மறுநாள் ராஜஸ்தானுக்கு எதிரா வாட்சன் 106 அடிச்சார்.

அந்த ரயில் புனே போய்ச் சேர்றதுக்குள்ள அங்கயும் தண்ணிப் பிரச்சினை. பவனா அணைத் தண்ணியை மைதானத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. இதுக்கு முன்னாடி 2016-ல மகாராஷ்டிராவுல கடும் வறட்சி. ஏப்ரல் முடிஞ்சதும் ஐபிஎல் மேட்ச்சை வேற மாநிலத்துக்குக் கொண்டுபோங்கன்னு அதே கோர்ட்டுதான் சொல்லுச்சு. அப்போ புனே டீம் தன்னோட மேட்ச்சை விசாகப்பட்டினத்துக்கு மாத்துச்சு. அந்த டீமுக்கு அப்போ கேப்டன் யாரு? தோனி. ரெண்டு வருஷ இடைவெளியில தண்ணியால ரெண்டு தடவை வீடு மாறினார் மனுஷன். அங்க ஒரு பொதுநல வழக்கு போதுமா இருந்துச்சு, இங்க செருப்பு வரைக்கும் போச்சு. ஏன்னு கேட்டா, என்கிட்ட ஒரே பதில்தான். அங்க கேட்க வேண்டியது மாநிலத்துக்குள்ளயே இருந்துச்சு. காவிரிக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க பெங்களூருலயும் டெல்லியிலயும் இருந்தாங்க. கைக்கு எட்டின தூரத்துல இருந்தது மஞ்சள் சட்டைதான்.

ஜூன் 1 அன்னைக்கு காவிரி மேலாண்மை ஆணையம் அரசிதழ்ல வந்துச்சு. கர்நாடகத் தேர்தல் முடிஞ்சாச்சு. ஐபிஎல்லும் மே 27-ல முடிஞ்சாச்சு, கோப்பை சென்னைக்கு. அந்த வருஷம் மழை கொட்டுச்சு. ஜூலை 19 மேட்டூர் திறந்தாங்க, சில நாள்ல அணை 120 அடி நிரம்புச்சு. ஆகஸ்ட்ல கொள்ளிடத்துல வந்த வெள்ளத்துல திருச்சி பழைய பாலம் இடிஞ்சுது, முக்கொம்பு மேலணையில மதகுகள் அடிச்சுட்டுப் போச்சு. ஏப்ரல்ல எந்தத் தண்ணிக்காகச் செருப்பு பறந்துச்சோ, அந்தத் தண்ணி நாலு மாசத்துல கடலுக்கு ஓடுச்சு.

கேலரிக்கும் நிர்வாகத்துக்கும் கணக்கு இன்னும் முடியல. அடுத்த வருஷம், 2019-ல, ஃபைனல் சென்னையில நடந்திருக்கணும். ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் 2012-ல இருந்து பூட்டிக் கிடந்துச்சு, ஏறக்குறைய 12,000 சீட். அதைத் திறக்க அனுமதி வாங்க முடியாம ஃபைனல் ஹைதராபாத் போச்சு. அதுக்கு எந்தப் போராட்டமும் காரணம் இல்ல.

செருப்பு விழுந்ததுக்கு அப்புறம் சேப்பாக்கத்துல நடந்த அடுத்த ஐபிஎல் மேட்ச் 2019 மார்ச் 23. வந்த டீம் எதுன்னு சொல்லட்டுமா? பெங்களூரு. காவிரியோட மேல்பக்கத்துல இருந்து வந்தவங்க. 70 ரன்ல ஆல் அவுட். எந்தச் செருப்பும் பறக்கல. கேலரி நிறைய விசில்.