ஒரு கழகம், ஐந்து பெயர்கள்: புடாபெஸ்ட் எம்.டி.கே.யின் வரலாறு

ஐரோப்பியக் கால்பந்து வரலாற்றில் வெற்றி தோல்விகளைப் பட்டியலிடும் நூல்கள் மிகுதி. ஒரு கழகம் தன்னை எப்பெயரால் அழைத்துக்கொண்டது, அப்பெயரை யார் பறித்தனர், யார் புதிதாகச் சூட்டினர் என்னும் வினாக்கள் அவற்றில் அரிதாகவே எழுகின்றன. ஹங்கேரியின் எம்.டி.கே. கழகத்தைப் பொறுத்தவரை, பெயர்களின் வரிசையே அந்நாட்டின் இருபதாம் நூற்றாண்டு அரசியல் வரலாற்றின் சுருக்கமாக அமைந்துவிட்டது.

1888 நவம்பரில் புடாபெஸ்டில் இக்கழகம் நிறுவப்பட்டது. 'மகியார் டெஷ்ட்யாகோர்லோக் கோரெ' என்பது அதன் முழுப்பெயர். 'ஹங்கேரிய உடற்பயிற்சியாளர் வட்டம்' எனப் பொருள்படும். இப்பெயரின் முதற்சொல்லே இங்குக் கருதத்தக்கது. நிறுவியவர்களிலும் ஆதரித்தவர்களிலும் புடாபெஸ்டின் யூத நடுத்தர வகுப்பினர் கணிசமாக இருந்தனர். 1867இல் குடியுரிமைச் சமத்துவம் பெற்ற அச்சமூகம், ஜெர்மன், யித்திய மொழிகளிலிருந்து ஒரு தலைமுறைக் காலத்திற்குள் ஹங்கேரிய மொழிக்கு மாறிக்கொண்டிருந்தது. தம் கழகத்திற்கு 'மகியார்' என்று பெயரிட்டபோது அவர்கள் தம்மை எந்த மக்களினத்தின் பகுதியாகக் கருதினர் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

அக்கால அரசும் அவர்களை அவ்வாறே எண்ணிக்கொண்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஹங்கேரியப் பகுதியில் ஸ்லோவாக்கியர், ருமேனியர், ஜெர்மானியர், செர்பியர் எனப் பல மொழியினர் வாழ்ந்தனர். 1910ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்கவில்லை, தாய்மொழியையே கேட்டது. குரோஷியா நீங்கலாக, ஹங்கேரிய மொழியைத் தாய்மொழியாகப் பதிந்தோர் ஏறத்தாழ 54 சதவீதத்தினர். இம்மெலிந்த பெரும்பான்மைக்குள் ஹங்கேரிய மொழி பேசிய யூதர்களும் அடங்குவர். அதே கணக்கெடுப்பின்படி புடாபெஸ்டு மக்களில் ஏறக்குறைய 23 சதவீதத்தினர் யூதர்கள். எண்ணிக்கை தேவைப்பட்ட காலத்தில் மொழியே இனத்தின் அடையாளமாக ஏற்கப்பட்டது; அத்தேவை தீர்ந்தபின் நிலை மாறியது.

கழகத்தின் கால்பந்துப் பிரிவு 1901இல் தொடங்கியது. 1904இல் முதல் லீக் பட்டம் கிட்டியது. 1905 முதல் 1940 வரை தலைவராக இருந்த ஆல்ஃபிரெட் ப்ரூல் காலத்தில் கழகம் ஐரோப்பாவின் முன்னணி அணிகளுள் ஒன்றாக உயர்ந்தது. 1912இல் ஹுங்காரியா பெருஞ்சாலையில் சொந்த அரங்கம் திறக்கப்பட்டது. முதல் உலகப்போர் மூண்டபோது ஆஸ்திரியாவில் எதிரிநாட்டவராகச் சிக்கிக்கொண்ட ஆங்கிலேயப் பயிற்சியாளர் ஜிம்மி ஹோகனைக் கழக நிர்வாகம் புடாபெஸ்டிற்கு வரவழைத்தது. பந்தை உயரத் தூக்கி அடிப்பதைக் குறைத்து, தரையோடு குறும்பாஸ்களாகக் கடத்தும் முறையை அவர் இளைஞர்களுக்குப் பயிற்றுவித்தார். போரால் இடைநின்ற இரு பருவங்களைத் தவிர்த்து, 1914 முதல் 1925 வரை நடந்த பத்து லீக் தொடர்களிலும் எம்.டி.கே.யே பட்டம் வென்றது.

அப்பத்தாண்டில் களத்திற்கு வெளியே நிகழ்ந்தவை வேறு. 1920ஆம் ஆண்டு டிரியனோன் ஒப்பந்தத்தால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரு பங்கை இழந்தது. எஞ்சிய நாட்டில் ஹங்கேரிய மொழியினரே மிகப் பெரும்பான்மையினர். எண்ணிக்கைக்கு யூதர்கள் இனித் தேவைப்படவில்லை. அதே ஆண்டில் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் சேர்க்கையைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. எம்.டி.கே.யின் நடுக்கள வீரர் பேலா குட்மன் 1922இல் வியன்னாவின் யூதக் கழகமான ஹகோவாவுக்குப் பெயர்ந்தார். பிற்காலத்தில் பென்ஃபிகாவின் பயிற்சியாளராக 1961, 1962 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றவர் இவரே.

1926இல் தொழில்முறைக் கால்பந்து அறிமுகமானபோது கழகத்தின் தொழில்முறை அணி 'ஹுங்காரியா' என்னும் இரண்டாம் பெயரை ஏற்றது. 'மகியார்' என்பது ஒரு மொழியினரின் பெயர்; 'ஹுங்காரியா' என்பது நாட்டின் லத்தீன் பெயர். அப்பெயரோடு 1929, 1936, 1937 ஆகிய ஆண்டுகளில் பட்டங்கள் கிடைத்தன. ஆனால் 1938இலும் 1939இலும் இயற்றப்பட்ட யூத எதிர்ப்புச் சட்டங்கள் எந்தப் பெயரையும் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் சட்டம் யூதரை மதத்தால் அன்றிப் பிறப்பால் வரையறுத்தது. மொழியால் ஹங்கேரியரானவர்கள் பிறப்பால் அயலாராக்கப்பட்டனர். 1940இல் ஹுங்காரியா அணி லீக்கிலிருந்து மறைந்தது, கழகமும் செயலிழந்தது. 1944 மே, ஜூலை மாதங்களுக்கிடையே ஏறத்தாழ 4,37,000 யூதர்கள் ஹங்கேரியிலிருந்து நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அனுப்பப்பட்ட இடம் ஆஷ்விட்ஸ். முப்பத்தைந்து ஆண்டுகள் கழகத்தை நடத்திய ப்ரூலும் அம்முகாமிலேயே உயிரிழந்தார்.

எம்.டி.கே.யின் நிலையான போட்டியாளர் ஃபெரென்ஸ்வாரோஷ். ஜெர்மன் மொழி பேசிய புறநகர் ஒன்றில் 1899இல் பிறந்த அக்கழகத்தை 'உண்மையான ஹங்கேரியர்' கழகமாகவும், எம்.டி.கே.யை 'யூதர்' கழகமாகவும் எதிர்நிறுத்துவது வழக்கம். வரலாறு இவ்வளவு எளிதன்று. ஃபெரென்ஸ்வாரோஷின் முன்னாள் வீரரும் பயிற்சியாளருமான இஷ்ட்வான் டோத் எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1945 தொடக்கத்தில் கொல்லப்பட்டார். கழகங்களுக்கு ஒட்டப்பட்ட அடையாளங்கள் தனிமனிதரின் அறத்தை முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை.

1945இல் எம்.டி.கே. தன் பழைய பெயரோடு மீண்டெழுந்தது. அப்பெயர் நீடிக்கவில்லை. கம்யூனிஸ்டு ஆட்சி கழகங்களை அரசுத் துறைகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் பங்கிட்டபோது, எம்.டி.கே. நெசவுத் தொழிலாளர் சங்கத்தின் பொறுப்பில் 'டெக்ஸ்டிலெஷ்' ஆயிற்று. 1951இல் அரசியல் காவல்துறையின் கைக்குச் சென்று 'பாஷ்ட்யா', அதாவது 'கொத்தளம்' ஆயிற்று. 1953இல் 'வோரோஷ் லோபோகோ', அதாவது 'செங்கொடி' ஆயிற்று. ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குள் மூன்று பெயர்கள். மூன்றுமே மேலிருந்து இடப்பட்டவை.

வியப்புக்குரியது யாதெனில், ஹங்கேரியக் கால்பந்தின் பொற்காலமும் இப்பெயர் மாற்றக் காலமும் ஒன்றே. இக்கழகத்தின் பயிற்சியாளர் மார்ட்டோன் புகோவி, நடு முன்கள வீரரைக் கோல் முகப்பில் நிறுத்தாமல் பின்னுக்கு இழுத்து ஆடவைத்தார். அவரைத் தடுக்க வேண்டிய எதிரணித் தடுப்பாளர் பின்தொடர்ந்தால் நடுவில் இடைவெளி உண்டாகும். தொடராவிட்டால் அவர் தடையின்றிப் பந்தைப் பெறுவார். பலோட்டாஷ், பின்னர் நாந்தோர் ஹிடெக்குட்டி ஆகியோர் இப்பொறுப்பை ஏற்றனர். தேசிய அணியின் பொறுப்பாளர் குஸ்தாவ் ஷெபெஷ் இம்முறையைத் தம் அணியிலும் கையாண்டார். 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளி அரங்கில் இங்கிலாந்து 6-3 என வீழ்ந்தது. ஹிடெக்குட்டி மூன்று கோல்கள் அடித்தார். 1955இல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பையில் முதன்முதலாக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தவரும் செங்கொடி அணியின் பலோட்டாஷே.

அந்தத் தேசிய அணியின் பெயர்களும் ஆய்வுக்குரியவை. அதன் தலைவர் புஷ்காஷ் பிறக்கும்போது அவர் குடும்பப்பெயர் 'புர்ட்செல்ட்' என்னும் ஜெர்மன் பெயர். ஷெபெஷின் பழைய குடும்பப்பெயரும் ஜெர்மன் பெயரே. ஹங்கேரியப் பெருமிதத்தின் உச்சமாக இன்றும் போற்றப்படும் அணி, மொழிமாற்றத்தாலும் பெயர்மாற்றத்தாலும் ஹங்கேரியரான குடும்பங்களின் பிள்ளைகளை உள்ளடக்கியது. ஒருவர்க்கு அம்மாற்றம் ஏற்கப்பட்டது, மற்றொருவர்க்கு மறுக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை மொழி தீர்மானிக்கவில்லை; சட்டமே தீர்மானித்தது.

1956இல் கழகம் எம்.டி.கே. என்னும் பெயரை மீண்டும் பெற்றது. 1964இல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதிக்கு முன்னேறி, லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணியோடு 3-3 எனச் சமன் செய்து, மறு ஆட்டத்தில் 0-1 எனத் தோற்றது. இதுவரை வென்ற லீக் பட்டங்கள் 23. பழைய இடத்திலேயே புதிதாய் எழுப்பப்பட்டு 2016இல் திறக்கப்பட்ட அரங்கம் ஹிடெக்குட்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. போட்டி அணிகளின் ரசிகர்கள் எழுப்பும் யூத எதிர்ப்பு முழக்கங்கள் கம்யூனிசத்திற்குப் பிந்தைய ஹங்கேரியின் அரங்குகளிலும் ஒலித்துள்ளன.

ஒரு மொழியைத் தாய்மொழியாக ஏற்றுக்கொள்வதும் அம்மொழியினராக ஏற்றுக்கொள்ளப்படுவதும் வெவ்வேறு நிகழ்வுகள். முன்னது தனிமனிதர் கையில் இருக்கிறது. பின்னது அதிகாரத்தின் கையில் இருக்கிறது. கணக்கெடுப்புத் தாள்களில் தாய்மொழி என்னும் கட்டத்தைப் படிக்கும் ஆய்வாளர், அந்த எண் எந்த ஆண்டில் யாருக்குத் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.