வீட்டுக்குள் இருக்கும் துப்பாக்கி

1989 டிசம்பர் 6 மாலை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள எகோல் பொலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரியின் வகுப்பறைக்குள் 25 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக நிறுத்தி, ஆண்களை வெளியே அனுப்பினான். எஞ்சியிருந்த ஒன்பது பெண்களிடம், தான் பெண்ணியத்தை எதிர்த்துப் போராடுவதாகச் சொன்னான். நாங்கள் பெண்ணியவாதிகள் அல்ல, பொறியியல் படிக்கிறவர்கள் மட்டும்தான் என்று நத்தாலி ப்ரொவோ என்ற மாணவி சொல்லிப் பார்த்தார். அவன் சுட்டான். அன்று அந்தக் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். நான்கு குண்டுகள் பாய்ந்தும் ப்ரொவோ பிழைத்தார். கொன்றவனின் பெயரை நான் எழுதப்போவதில்லை.

அந்த ஆண்டு நானும் பொறியியல் மாணவி. அறுபது பேர் வகுப்பில் பெண்கள் எட்டுப் பேர். யாராவது சீண்டினால், "நாங்க பெண் விடுதலை பேச வரல, படிக்கத்தான் வந்தோம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். ப்ரொவோ சொன்ன பதிலைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பதில் அவரைக் காப்பாற்றவில்லை. அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்று தேடிப்போனபோதுதான் கனடாவின் துப்பாக்கிச் சட்டங்களுடைய வரலாறு எனக்கு அறிமுகமானது.

அவன் வைத்திருந்தது ருகர் மினி-14 என்ற துப்பாக்கி. கடையில் சட்டப்படி வாங்கியது. கனடாவில் கைத்துப்பாக்கிகளை 1934 முதலே பதிவுசெய்தாக வேண்டும். வேட்டைக்கும் பண்ணைக்குமான நீளத் துப்பாக்கிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அன்று அதே கட்டடத்தில் இருந்த மாணவி ஹைடி ரத்யெனும் பேராசிரியர் வெண்டி குக்கியரும் சேர்ந்து துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பெண்கள் காப்பகங்களில் வேலை செய்தவர்கள் அதற்கு வலுச்சேர்த்தார்கள். அவர்கள் வைத்த வாதம் எளிமையானது: தெருவில் திரியும் திருடனின் கைத்துப்பாக்கியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், எங்களிடம் அடைக்கலம் தேடி வரும் பெண்கள் பயப்படுவது வீட்டு அலமாரியில் கணவன் வைத்திருக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கு.

முதல் சட்டம் ஒரு பழமைவாத அரசிடமிருந்தே வந்தது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். 1991இல் நீதி அமைச்சர் கிம் கேம்பல், பின்னாளில் கனடாவின் முதல் பெண் பிரதமரானவர், உரிமம் பெற 28 நாள் காத்திருப்பு, தோட்டாக்களின் எண்ணிக்கைக்கு வரம்பு ஆகியவற்றைக் கொண்டுவந்தார். ஒழுங்கும் கட்டுப்பாடும் அரசின் கடமை என்பது பழமைவாதத்தின் ஒரு பழைய முகம். அதன் இன்னொரு முகம், உழைக்கும் குடியானவனின் சொத்தில் அரசு கைவைக்கக் கூடாது என்பது. தொண்ணூறுகளில் மேற்கு மாகாணங்களின் விவசாயிகளிடையே இரண்டாவது முகமே வென்றது.

லிபரல் அரசின் 1995 சட்டம் எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்கு ஒப்புதல் கிடைத்தது டிசம்பர் 5, படுகொலையின் ஆறாம் நினைவு நாளுக்கு முந்தைய நாள். உரிமம் கேட்கும் ஒருவர், தன் இணையையும் கடந்த இரண்டு ஆண்டுகளில் பிரிந்த இணையையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். அவர்கள் கையெழுத்திடவில்லை என்றால் அவர்களுக்குத் தகவல் அனுப்பப்படும். என் வாசிப்பில் இந்த விதிதான் முக்கியமானது. ஒரு ஆணிடம் ஆயுதம் இருக்கலாமா என்று முடிவெடுப்பதில், அவனோடு வாழ்ந்த பெண்ணிடமும் அரசு கேட்கத் தொடங்கியது.

ஆனால் அந்த அரசு, பிரச்சினையை நிர்வாகத்தால் தீர்த்துவிடலாம் என்று நம்பியது. கட்டண வருவாய் போக 20 லட்சம் டாலர்தான் செலவு என்று சொல்லித் தொடங்கிய திட்டத்தின் செலவு 100 கோடி டாலரைத் தாண்டும் என்று 2002இல் தலைமைத் தணிக்கையாளர் ஷீலா ஃப்ரேசர் அறிக்கை கொடுத்தார். எதிர்ப்பாளர்களுக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைத்திருக்காது.

இடதுசாரிகளின் நிலை இன்னும் சங்கடமானது. புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஜாக் லேட்டன், பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஆண்கள் தொடங்கிய வெள்ளை ரிப்பன் இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். ஆனால் 2009இல் நீளத் துப்பாக்கிப் பதிவேட்டை ஒழிக்கும் தனிநபர் மசோதாவுக்கு அவர் கட்சியின் 12 உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களும் வேட்டைக்காரர்களும் வாழும் வடக்குத் தொகுதிகளின் பிரதிநிதிகள் அவர்களில் பலர். லேட்டன் சிலரை மனம் மாற்றினார். 2010இல் 153க்கு 151 என்ற கணக்கில் பதிவேடு தப்பியது. தொழிலாளி என்று கட்சி சொன்னபோது அதன் கண்ணில் பட்டது ஆண் தொழிலாளி. அவன் வீட்டில் இருந்த பெண் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை.

பழங்குடிகளின் எதிர்ப்பை இவற்றோடு சேர்த்து எண்ண முடியாது. இனுயிட் மக்களுக்குத் துப்பாக்கி என்பது அன்றாட உணவு. ஒப்பந்தங்கள் உறுதிசெய்த வேட்டை உரிமைக்கு உரிமம் எதற்கு என்று கேட்டார்கள். காணாமல்போன, கொலையுண்ட பழங்குடிப் பெண்களின் குடும்பங்களிடம் 2018இல் மன்னிப்புக் கேட்டது கனடாவின் மத்தியக் காவல்துறை. அந்தக் காவல்துறையின் கையில் பதிவேட்டைக் கொடுப்பதுதான் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று நகரத்துப் பெண்ணியம் சொன்னபோது, எந்தப் பெண்களுக்கு என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இந்தக் கேள்விக்குப் பெண்ணியத்திடம் இன்னும் முழுமையான பதில் இல்லை.

2012இல் ஹார்ப்பரின் கன்சர்வேடிவ் அரசு நீளத் துப்பாக்கிப் பதிவேட்டை ஒழித்தது. தரவுகளையும் அழிக்க உத்தரவிட்டது. தங்கள் மாகாணத்துத் தரவையாவது கொடுங்கள் என்று கியூபெக் வழக்குத் தொடுத்தது. 2015இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. பிறகு தனக்கென ஒரு பதிவேட்டை உருவாக்கிக்கொண்டது.

2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். அவன் முதலில் தாக்கியது தன் இணையை. மே மாதம், மினி-14 உள்ளிட்ட துப்பாக்கிகளுக்கு லிபரல் அரசு தடை விதித்தது. மான்ட்ரியல் படுகொலை நடந்து அப்போது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. 2023இல் வந்த சட்டம், பாதுகாப்பு ஆணைக்கு உள்ளானவரின் துப்பாக்கி உரிமம் ரத்தாகும் என்றது. காப்பகப் பெண்கள் 1990களிலேயே சொன்னதை ஒட்டிய சட்டம் இது.

பழமைவாதிகளும் தாராளவாதிகளும் இடதுசாரிகளும் துப்பாக்கியை அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலான வழக்காகவே பார்த்தார்கள். அந்தக் குடிமகனோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவளை வழக்கில் சேர்த்தது பெண்களின் இயக்கம்.

உயிர் தப்பிய ப்ரொவோ, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடினார். 2025இல் லிபரல் கட்சி சார்பில் நாடாளுமன்ற உறுப்பினரானார். தன் வாழ்வையும் செயலையும் பார்த்தால் தான் பெண்ணியவாதிதான் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. எனக்கும்தான்.